பதினாறு பைட்டில் ஒரு சொல்

உன் கீபோர்டை இன்று காலை ஆபீஸில் என் மேசைக்கு மாற்றினேன். ஷிஃப்ட் கட்டையை அழுத்தியதும் இடுக்கிலிருந்து சுக்கு வாசனை வந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் உன் மாடி வீட்டுக்குக் கீழே சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்கு. அங்கே உட்கார்ந்து வேலை பார்த்த உன் சட்டை, பை, புத்தகம் எல்லாமே எனக்குத் தும்மல் வரவழைக்கும். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்கும் தும்மினேன்.

நம் வேலையை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. கம்ப்யூட்டரின் அடிமடியில் இருக்கும் கெர்னலை வேகமாக்குகிறோம் என்றால், "அது வேகமாத்தானே போகுது?" என்பாள் என் அம்மா. அனுப்பிய தகவல் சேதமில்லாமல் வந்ததா என்று கூட்டிப் பார்க்கும் செக்சம் என் பங்கு. தகவலைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷன் உன் பங்கு. ஒவ்வொரு பைட்டாகச் செய்வதைப் பதினாறு பதினாறாகச் செய்தால் வேகம் கூடும். அதற்குச் சிப்புக்குள் எண்களை வைக்கும் பெரிய அறைகளான ரெஜிஸ்டர்கள் வேண்டும். அவற்றில் வேறு ஏதோ புரோகிராமின் எண்கள் இருக்கும். அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் நம்முடையதைத் துடைத்து, பழையதைத் திரும்ப வைக்க வேண்டும். "எடோ, இது வாடகெ வீடாக்கும். எறங்கும்போ நம்ம சாமான் ஒண்ணும் கெடக்கக் கூடாது" என்பாய்.

நீ பேசுவது தமிழ், எழுதுவது மலையாள எழுத்து. நிரலுக்கு நடுவே நீ எழுதி வைக்கும் குறிப்புகள் திருநெல்வேலிக்காரனான எனக்கு ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கும். "படிச்சுச் சொல்லுடா" என்று போன் போடுவேன். கொச்சிக்கு வந்து ஆறு வருஷமாகியும் எழுத்துக் கூட்டத் தெரியாதவன் என்று திட்டிவிட்டுப் படிப்பாய்.

அந்த வியாழக்கிழமை மதியமும் அப்படித்தான் போன் போட்டேன். மறுநாள் ஒரு சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தாய். குறிப்புகளைப் படித்து முடித்துவிட்டு, "நம்ம சாமானெத் தொடைக்கிற அந்த எடத்தெ ஒண்ணு மாத்தணும். எனக்கு இனி அவசரம் இல்ல" என்றாய். அவசரம் இல்லை என்றால் இல்லைதானே என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை உன் அக்கா போன் செய்தாள்.

போன வாரம் புதிய கெர்னலை வெளியே அனுப்புமுன் சோதனை ஓட்டியபோது என் செக்சம் பொய் சொன்னது. கோப்பு சரி, கூட்டல் தப்பு. பத்து தடவை சரியாக வரும், திடீரென்று ஒரு தடவை தப்பும். தப்புகிற அந்த நொடியில் ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறதென்று திரையில் எடுத்துப் பார்த்தேன். என் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் மலையாள எழுத்து. ஐந்தே எழுத்து, பிறகு ஒரு முற்றுப்புள்ளி. மறுபடி பிடித்தேன், அதே ஐந்து. வேறு மெஷினில் ஓட்டினேன், அங்கேயும் அதே ஐந்து. பட்டப்பகல், சுற்றிலும் இருபது பேர். ஆனாலும் ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசை மலையாளியிடம் காட்டியிருக்கலாம்தான். உன் எழுத்தை உன் வீட்டு ஆள்தான் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். அக்கா சாயா போட்டு வைத்தாள். திரும்பும்போது கொண்டுபோகச் சொல்லி உன் கீபோர்டையும் எடுத்து வைத்திருந்தாள். என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "அவசரம்" என்று படித்தாள்.

போனை அவள் கையிலிருந்து வாங்கினேன். "அவசரம்ங்கிறானா? இப்பவா?"

"ஐயோ தம்பி, இது உங்க அவசரம் இல்ல. மலையாளத்துல அவசரம்னா சான்ஸு. வீட்லயும் நாங்க அப்படித்தான் பறயிறது. ஆஸ்பத்திரிக்கு எறங்கும்போ என்ட்டயும் அதான் சொன்னான், இனி அவசரம் இல்லக்கான்னு. டாக்டர் அவன்ட்ட முன்னமே எல்லாம் சொல்லியாச்சு. எங்கட்டதான் ஒளிச்சு வச்சிருந்தான்."

சாயாவை வைத்தபடியே விட்டுவிட்டு வந்தேன். மன்னித்துக்கொள்.

மறுநாள் விஷயம் பிடிபட்டது. உன் சோதனைப் புரோகிராமில் பூட்டுக்குச் சாவியாக நீ வைத்திருந்த பதினாறு பைட்தான் அது. மலையாள எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட், புள்ளிக்கு ஒன்று, கணக்கு கச்சிதம். அந்தச் சாவியை நீ கடைசியாக மாற்றிய தேதி அந்த வியாழக்கிழமை. தகவல் சரியாகப் பதினாறின் மடங்காக இருந்தால் மட்டும், உன் நிரல் ரெஜிஸ்டரைத் துடைக்காமல், பழையதைத் திரும்ப வைக்காமல் வெளியேறியது. நீ மாற்றச் சொன்ன இடம் அதுதான். அப்படியே அனுப்பியிருந்தால் யாரோ ஒருவருடைய ரகசியச் சாவி முன்பின் தெரியாதவர் கைக்குப் போயிருக்கும்.

நான்கே வரி திருத்தம். அதைச் சேர்க்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. மெஷினுக்குள் நீ வந்துபோகிற ஒரே வழியை நானே அடைக்கிறேன் என்று பயமாக இருந்தது. சேர்த்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினேன். எல்லாக் கூட்டலும் சரி. நீ எங்கும் வரவில்லை. எல்லாரும் கைகுலுக்கினார்கள். நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

உன் அக்காவிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை நீ அப்படிச் சொன்னதும், "அப்ப ரெண்டு பேருமா நிதானமாப் பாத்துக்கலாம்டா" என்று சிரித்தேன். போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"கேக்குது" என்றாய்.