சீமைக் கருக்கள்

திருப்புட்குழி
12.6.2023

மதிப்பிற்குரிய வங்கி அதிகாரி அக்காவுக்கு,

தம்பி குரு எழுதுவது. போன மாதம் ஃபோனில் கத்தியதற்காக என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். ஆகவே தபால். நாக்பூரில் தபால்காரரையும் பிளாக் செய்ய வழியிருந்தால் செய்துகொள்.

இங்கே எல்லோரும் நலம். “அத்தைக்கு இன்னும் கோவமாப்பா?” என்று அபி கேட்டாள். “அவங்க பேங்க்குல கோவத்துக்கும் வட்டி ஏறிக்கினு இருக்குதும்மா” என்றேன்.

ஒரகடத்தில் கம்பெனி வேலையை விட்டு மாடு வாங்கியதிலிருந்து நீ என்னை முட்டாள் என்கிறாய். சரி. என்னிடம் இருப்பவை பதினாறு கலப்பின மாடுகள். கொஞ்சம் கறந்துவிட்டு மிச்சத்துக்கு முறைத்துப் பார்ப்பவை. இந்த ஊர் சினை ஊசியைத் தாண்டி யோசிக்காது. நான் கருமாற்று முறைக்குப் போகிறேன். நிறையக் கறக்கும் சீமைப் பசுவின் கருவை ஆய்வகத்தில் உருவாக்கி, நம் மாட்டின் கருப்பையில் வைப்பார்கள். நம் மாடு சுமக்கும். சீமைக் கன்று பிறக்கும். சென்னைக் கம்பெனி ஒன்று வந்து செய்துகொடுக்கிறது. பக்கத்து நிலத்து துரைக்கண்ணுவிடம் சொன்னேன். “மாட்டுக்கும் வாடகைத் தாயாடா?” என்று வெற்றிலையைத் துப்பிச் சிரித்தார். அவருக்கு அவ்வளவுதான் அறிவு.

அப்பா நம் இருவர் பேரிலும் விட்டுப்போன நிலத்தை அடமானம் வைக்க வேண்டும். உன் கையெழுத்து தேவை.

குரு

நாக்பூர்
25.6.2023

குருவுக்கு,

அபிக்கு முத்தங்கள். பிரவீனாவுக்கு அன்பு. உனக்கு ஒன்றுமில்லை.

விவசாயக் கடன் பிரிவில் என் மேஜைக்கு வாரந்தோறும் இப்படிக் கனவுகள் வரும், கலர் படத்தோடு. உன் கனவில் படம்கூட இல்லை.

பத்து கரு வைத்தால் ஆறு தங்கும் என்று கம்பெனிக்காரன் சொல்லியிருப்பான். உன் கொட்டகையில் மூன்றோ நான்கோ தங்கினால் பெருமாள் புண்ணியம். தங்காத மாடு அடுத்த பருவத்துக்கு வரும் வரை சும்மா தின்னும். தங்கியதில் பாதி காளையாகப் பிறக்கும். சீமைக் காளையை என்ன செய்வாய், ஏரில் பூட்டுவாயா? பெண் கருவாகப் பிரித்துத் தர விலை அதிகம். நீ மலிவானதைத்தான் வாங்குவாய், உன்னை எனக்குத் தெரியும். கன்று பெருத்துவிட்டால் சுமக்கிற மாட்டின் உயிருக்கே ஆபத்து. எல்லாம் நல்லபடி நடந்து பெண் கன்றே பிறந்தாலும், அது வளர்ந்து சினையாகிக் கறக்க மூன்று வருஷம். வட்டி மூன்று வருஷம் காத்திருக்காது. கறந்தாலும் பால் சொசைட்டியில் கொழுப்பைப் பார்த்துத்தான் விலை. சீமைப் பசு குடம் குடமாகத் தண்ணீர்ப் பால்தான் கொடுக்கும். இத்தனைக்கும் மேல் நம்மூர் சித்திரை வெயில் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவன்கூட, ஒரு சேலையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏமாற்றுவான். இவன் வெறும் நம்பிக்கையை விற்கிறான். அதை வாங்க நீ அப்பாவின் நிலத்தை நீட்டுகிறாய்.

கையெழுத்து கிடையாது.

உன் அக்கா
தேவகி

திருப்புட்குழி
20.11.2023

அக்காவுக்கு,

உன் கையெழுத்து இல்லாமலும் பூமி சுற்றுகிறது. மாடுகளில் பாதியை விற்றேன். மீதி எட்டுக்கும் கரு வைத்தாயிற்று. மூன்று தங்கியிருக்கிறது. உடனே சிரிக்காதே. மூன்று சீமைக் கன்றுகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவனிடமும் இல்லை.

தங்கிய மூன்றில் மல்லியும் ஒன்று. பிரவீனா கல்யாணமாகி வந்த புதிதில் கன்றாக வாங்கி, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாளே, அதுதான். “இதை வுட்டுடுபா, வேற மாட்டுக்குப் பண்ணிக்கோ” என்று அழுதாள். பெண்களுக்குத் தொழிலும் பாசமும் ஒன்றுதான்.

நீ ஏசி ரூமில் உட்கார்ந்து சதவீதம் போடு. சாணியை மிதித்து எத்தனை வருஷம் ஆகிறது உனக்கு?

குரு

நாக்பூர்
4.12.2023

குருவுக்கு,

எட்டுக்கு மூன்று. நான் சொன்னபடிதான். கறக்கிற மாட்டை விற்றுக் கறக்காத கருவை வாங்கியவனை எங்கள் வங்கியில் வாசற்படி ஏறவிட மாட்டோம்.

மல்லி சின்ன உடம்புக்காரி. கடைசி மாதங்களில் டாக்டரைக் கூப்பிட்டுக் கன்றின் அளவைப் பார்க்கச் சொல். அதற்கும் காசு பார்த்துக்கொண்டு நிற்காதே. பிரவீனாவைப் பற்றி எழுதியிருப்பதை அவளிடமே படித்துக் காட்டு, தைரியமிருந்தால்.

உன் அக்கா
தேவகி

திருப்புட்குழி
1.7.2024

தேவகி அக்காவுக்கு,

சந்தோஷப்படு. மல்லி செத்துவிட்டது.

மூன்றில் ஒன்று மாசி மாதமே கரு கலைந்தது. மல்லிக்கு முந்தாநாள் வலி கண்டது. கன்று பெரிது. டாக்டர் வருவதற்குள் நானும் துரைக்கண்ணுவும் கயிறு கட்டி இழுத்தோம். “இழுக்காதடா, கிழிஞ்சிடும், டாக்டர் வரட்டும்டா” என்று அவர் கத்தினார். நான் கேட்கவில்லை. கன்று பிழைத்தது. காளைக் கன்று. பிரவீனா இன்னும் என்னுடன் பேசவில்லை. மூன்றாவது மாடு இன்றோ நாளையோ ஈனும்.

நீ சொன்னதெல்லாம் நடந்தது. போதுமா? உன் கடிதங்களில் ஒரு வரியாவது நல்லது நடக்கட்டும் என்று இருந்ததா? எல்லாம் சதவீதம்.

நம் ஊர்த் தாயார் சந்நிதியில் வறுத்த பயறை வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு படுத்தவள் நீ. விடிந்ததும் முளைத்திருந்தால் பிள்ளை பிறக்கும் என்று. அது போதாதென்று சென்னையில் டெஸ்ட் டியூப் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனவள். அப்போது யாராவது உன்னிடம் லாப நஷ்டம் கேட்டோமா? வறுத்த பயறு முளைக்கும் என்று நம்பியவளா எனக்குக் கணக்குச் சொல்வது?

குரு

நாக்பூர்
10.7.2024

குரு,

கேட்டார்கள். உன் மாமா கேட்டார். மூன்றாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, தங்க எவ்வளவு வாய்ப்பு, தங்காவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று கால்குலேட்டரைத் தட்டி என் முன்னால் வைத்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் புனேவுக்குத் தனியாகப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. உனக்குச் சொல்லவில்லை.

பயறு முளைக்கவில்லை. சதவீதம் எனக்கு அப்படித்தான் தெரியும்.

மல்லிக்காக பிரவீனாவிடம் என் வருத்தத்தைச் சொல்.

தேவகி

திருப்புட்குழி
2.8.2024

அன்புள்ள அக்கா,

மூன்றாவது மாடு நல்லபடியாக ஈன்றது. பெண் கன்று. கறுப்பும் வெள்ளையுமாக, அபியைவிட அழகு என்று அபியே சொல்கிறாள்.

நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. மாமா போனது எனக்குத் தெரியாது. என்னை மாதிரி மடையன் தம்பியாக வாய்த்தது உன் விதி. தீபாவளிக்கு வா. அபி வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் தம்பி
குரு

பி.கு: இப்போது கறப்பது ஈன்ற அந்த ஒரு மாடுதான், மற்றவை வற்றிக் கிடக்கின்றன. இதில் பண்ணை ஓடாது. நாலு மாடாவது வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசி.

நாக்பூர்
21.10.2024

குருவுக்கு,

மன்னிப்பு மேலே, கையெழுத்து பின்குறிப்பில். பின்குறிப்பைத்தான் முதலில் யோசித்திருப்பாய்.

போன வாரம் காஞ்சிபுரம் வந்தேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில், நிலத்தில் என் பாகத்தை பிரவீனா பேருக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். “தம்பி பேருக்குன்னா முத்திரைத் தீர்வை கம்மிம்மா” என்றார் பத்திர எழுத்தர். அதிகமே கட்டுகிறேன் என்றேன். உன் பேருக்கு எழுதினால் அடுத்த கம்பெனிக்காரன் வரும்வரைகூட அது நிற்காது. பிரவீனா வந்து கையெழுத்துப் போட்டாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது நான்தான், அவளைத் திட்டாதே. இனி அடமானம் வைப்பதென்றால் அவளிடம் கேள். மல்லியின் கதை தெரிந்தவள் அவள். நிதானமாகத்தான் பதில் சொல்வாள்.

திரும்பும்போது ஹைவேயில் நம் நிலத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். நீ அந்தக் கன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். இடுப்பில் கிழிந்த லுங்கி. யார் அது என்று தெரியாதவள் போலக் கேட்டேன். டீக்கடைக்காரர் சிரித்தார்.

“அந்தாளாம்மா? எட்டு மாட்ட வித்து ஒரு கன்னுக்குட்டிய வாங்குன ஆளு. அதுக்கு ஃபேன் போட்டுக்கினு பக்கத்துலயே குந்திக்கினு இருக்குது. இதெல்லாம் தொழில் பண்ண வந்துடுச்சு!”

நான் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம்தான். டீ வாயில் வைக்க விளங்கவில்லை என்று சொல்லி, காசை வைத்துவிட்டு எழுந்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

இனி உனக்கு என்னிடமிருந்து தேவைப்படுவது எதுவும் இல்லை. எனக்கும் உன்னிடம் மறுக்க ஒன்றும் மிச்சமில்லை. தீபாவளிக்கு வரமாட்டேன். அபியைப் பற்றி பிரவீனா எழுதட்டும். அவள் நம்பரை நான் பிளாக் செய்யவில்லை. நீ எழுதாதே.

சாலையைக் கடந்து உன்னிடம் வரலாமா என்று கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். வந்திருந்தால், கன்று மெலிந்திருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

தேவகி