பெர்மிட்டைப் படிக்காமல் லாரி வாங்க வேண்டாம்

புனே, 12.8.1974

அன்புள்ள அப்பாவுக்கு உலகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஊரில் கூலித் தகராறு தீர்ந்து நடவு தொடங்கியதா?

நாகூரில் பார்த்த பழைய லாரியின் இன்ஜின் சத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பெர்மிட் பற்றி ஒரு வரி இல்லை. அது சொந்தச் சரக்குக்கான பெர்மிட் என்றால், அடுத்தவர் நெல்லை வாடகைக்கு ஏற்ற முடியாது. வண்டி கைமாறினால் பெர்மிட் தானாகக் கைமாறாது. விற்பவர் "எல்லாம் பாத்துக்கலாங்க" என்பார். பிடிபடும்போது அவர் இருக்கமாட்டார். வாங்குகிற நாம்தான் கேட்டுப் படிக்க வேண்டும்.

நானும் யோக்கியன் இல்லை. போன வாரம் ஒரு லாரி டிரைவர் நம் கும்பகோணத்துப் பேச்சு பேசினார். அதைக் கேட்டதும் ஊரில் ஏறுவது போல மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சரக்கு லாரியில் ஆள் ஏற்றக்கூடாது என்று செக்போஸ்ட்டில் இறக்கிவிட்டார்கள். "லாரி செய்யுற தம்பிக்கே சட்டம் தெரியலையே!" என்று டிரைவர் சிரித்தார். மழையில் நடந்து வந்தேன். வெறும் சளிதான்.

பெர்மிட் புரியவில்லை என்றால், 'லாரி பார்க்க உடனே வா' என்று தந்தி கொடுங்கள். அதை லாரி ஃபாக்டரியில் காட்டினால் எனக்கு லீவு தருவார்கள். புரிந்தாலும் கொடுங்கள்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

உலகநாதன்