பட்டிப்பொல மேட்டில் நம் சக்கர பங்களா

இன்று காலை எங்கள் வீட்டுக்கு முன்னால் ரோட்டில் குழி அடைக்க வந்தார்கள். பீப்பாயில் தார் கொதித்தது. புகை உள்ளே வருகிறதென்று வீட்டிலிருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தப் போனார்கள். நான்தான் வேண்டாமென்று தடுத்தேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வாசனையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தார் வாசனைக்கு நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தார் டப்பாவும் மறு கையில் தேங்காய்மட்டையுமாக, அந்தச் சக்கர பங்களாவின் கூரைமேல் குந்தியிருக்கும் நீ.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரமாகிறது. வந்தவர்கள் எல்லாரும் உன்னை நல்லவிதமாகவே சொன்னார்கள். பொறுமைசாலி, அதிர்ந்து பேசமாட்டார், பேக்டரியில் அவர் கைபட்ட மெஷின் நின்றதில்லை என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் சக்கர பங்களாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறப்பதற்கு ஆளும் இல்லை. அந்தப் பயணம் போனவர்கள் நாம் நாலு பேர்தான், அதில் இப்போது மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். நானுஓயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நீ மெஷின்களைப் பழுதுபார்க்கும் பேக்டரி பிட்டர், நான் கணக்கெழுதும் ஆபீஸ் கிளாக்கர். நான் ஹட்டனிலிருந்து வந்த கிறிஸ்தவ வேதக்காரப் பையன். சமைக்கத் தெரியாததால் முதல் மாதமே உன் வீட்டுச் சோற்றுக்கு ஆளாகிவிட்டேன். நம் பெரிய துரை, காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் வீடு ஒன்று வைத்திருந்தார். அவர் அதைக் கேரவன் என்பார். தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனங்கள் அதற்குச் சக்கர பங்களா என்று பேர் வைத்தார்கள். உள்ளே இரண்டு கட்டில், ஓர் அலுமாரி, மண்ணெண்ணெய் அடுப்பு, ஆள் நுழையும் அளவில் ஜன்னல்கள். பட்டிப்பொலவுக்கு மேலே புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடையில் மீன் பிடிப்பார். ஒவ்வொரு தடவையும் அது நொண்டிக்கொண்டுதான் திரும்பும். ஆணி கழன்று, தகரம் கிழிந்து, கூரையின் மூட்டு விட்டுப்போய். அதை மறுபடி வீடாக்குவது உன் வேலை.

துரை ஒரேயடியாகச் சீமைக்குப் புறப்பட்டபோது அதை உனக்கே கொடுத்துவிட்டுப் போனார். புதுத் துரைக்கு அது கண்ணில் விழுந்த தூசி. ஒரு மாதத்துக்குள் அது நின்ற செட்டைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உடைத்துப் போட வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் நீ அதன் படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னாய்: “உடைக்கத்தான் போறேன். ஆனா ஏழு வருஷமா இதைச் செஞ்சு செஞ்சு குடுத்திருக்கேன். ஒரு நாளாவது இதுக்குள்ள படுத்துட்டு அப்புறமா உடைக்கிறேன்.”

அந்த மாதம் முழுவதும் நீயும் நானும் அதனோடுதான் கிடந்தோம். உளுத்துப்போன சுவரைக் கழற்றி எறிந்துவிட்டு, கழிவாக ஒதுக்கிய தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறைந்தாய். தோட்டத்தின் பேரும் தேயிலையின் ரகமும் அச்சடித்த பக்கம் வெளியே தெரிந்தது. “இருக்கட்டும், நம்ம விலாசம்தானே” என்றாய். கூரை மூட்டுகளுக்குப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை நான்காக மடித்து வைத்து, மேலே தாரைக் காய்ச்சிப் பூசினாய். இழுத்துப் போக, நானுஓயா மரக்கறி முதலாளி அவருடைய ஜீப்பை இரவல் கொடுத்தார். அந்த ஜீப்பும் உன் கைவைத்தியத்தில் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் கிளம்பினோம். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில். உன் மனைவி காமாட்சியும் உன் தங்கச்சி சரசுவும் ஜீப்பில் ஏறமாட்டோம், பங்களாவுக்குள்தான் வருவோம் என்று அடம் பிடித்தார்கள். சரசு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போன தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். முப்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் தூங்கவைக்கும் குரல். அந்தக் குரலைக் கேட்கத்தான் நான் இரண்டு வருஷமாக உன் வீட்டில் இரண்டாம் தரமும் சோறு வாங்கித் தின்றுகொண்டிருந்தேன் என்பது அதுவரை உனக்குத் தெரியாது.

அம்பேவலை தாண்டி, பட்டிப்பொல ரயில் கடவையில் கேட் போட்டிருந்தது. கேட்காரர் நம் சுவரில் இருந்த எழுத்துகளையெல்லாம் நிதானமாகப் படித்தார். ஜன்னலில் தெரிந்த இரண்டு முகங்களையும் பார்த்தார். “கொஹேத யன்னே?” என்று சிங்களத்தில் கேட்டார். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். வேலைக்குப் போகவில்லை, கோயிலுக்கும் இல்லை, இழவுக்கும் இல்லை. நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, “நிக்கங்” என்றாய். சும்மா. அவர் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். சும்மா ஓர் இடத்துக்குப் போவது எவ்வளவு சுகம் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

மரவண்டிகள் இறங்கும் காட்டுப் பாதையில் ஏறத் தொடங்கியதும் அந்தச் சுகம் ஆட்டம் கண்டது. பாதையா அது? மாட்டுவண்டித் தடத்தின் நடுவே கல்லும் வேரும். கால் மைல் போவதற்குள் பின்னால் தடதடவென்று சத்தம். நிறுத்திப் போய்ப் பார்த்தோம். அலுமாரிக் கதவு கழன்று, அரிசியும் பருப்பும் சீனியும் ஒன்றாகத் தரையில் கிடந்தன. நீ செருகிய திருகாணிகள் ஒவ்வொன்றாக வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தன. வண்டியின் உடம்பே முறுக்கிக்கொண்டதில் கதவு சட்டத்துக்குள் இறுகிப்போய்த் திறக்க மறுத்தது. காமாட்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்னாங்க, துரைச்சானியும் இப்பிடித்தான் எறங்குவாங்களா?” என்று கேட்டாள். இருவரும் ஜன்னல் வழியாகவே இறங்கினார்கள். அதற்குப் பிறகு ஏறும்போதும் ஜன்னல்தான்.

ஓடையைத் தாண்டும் இடத்தில்தான் பெரிய அடி விழுந்தது. ஒரு பாறைமேல் சக்கரம் ஏறி இறங்கியபோது துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பாரத்தைத் தாங்கும் வில்லுப்பட்டை இரண்டாக முறிந்து, பங்களா ஒரு பக்கமாகச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. அடித்தளத்துப் பலகையும் ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருந்தது. நீ சுற்றி வந்து பார்த்தாய். கோபப்படவில்லை. மூக்கால் ஏதோ மெட்டை முனகத் தொடங்கினாய். கணக்குப் போடும்போது நீ அப்படித்தான். பெண்களைச் சுள்ளி பொறுக்க அனுப்பிவிட்டு, கல்லடுக்கி முட்டுக் கொடுத்தாய். காய்ந்து விழுந்து கிடந்த ஒரு காட்டுமரக் கிளையில் முழங்கை அளவு கட்டை வெட்டி எடுத்தாய். முறிந்த பட்டையின் இடத்தில் அந்தக் கட்டையை வைத்துக் கம்பியால் கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டு அடியில் நுழைந்தாய். ஜாக்கியைத் திருகுவது என் வேலை.

உன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ.

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“சரசுவ எனக்குக் கட்டிக் குடுப்பியா?”

முனகல் நின்றது. பிறகு உன் குரல்: “ஜாக்கிய ஒரு சுத்து ஏத்து.” ஏற்றினேன். “இன்னொரு சுத்து.” ஏற்றினேன். “கம்பியக் குடு.” கொடுத்தேன். அந்தக் கம்பியை நீ எத்தனை சுற்றுச் சுற்றினாய் என்று நான் எண்ணவில்லை. எனக்கு ஓர் ஊழிக்காலம் போனது போல இருந்தது. தங்கச்சி இல்லையென்றாலும் தாங்கிக்கொள்வேன், இந்தச் சிநேகிதத்தை இழந்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன்.

“இதக் கேக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா?”

“நீ எந்திரிச்சு நிக்கிறப்போ கேக்கப் பயமா இருந்திச்சு.”

“அவகிட்டக் கேட்டியா?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கிற?”

அப்போதுதான் அந்த வெடித்த பலகைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. “அண்ணே, மொதல்ல அவர அந்த ஜாக்கிய ஒழுங்காப் புடிக்கச் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம் பாக்கலாம்.”

சரசு சீனியிலிருந்து பருப்பைப் பொறுக்குவதற்காக நமக்குத் தெரியாமல் ஜன்னல் வழியாக உள்ளே ஏறியிருந்தாள். நீ புழுதியோடு வெளியே உருண்டு வந்து, முட்டில் நிற்கிற வண்டியில் எவளாவது ஏறுவாளா என்று கத்தினாய். நீ கத்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். கத்தி முடித்ததும் உன் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிப்பு. ஓடைக்கரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

சிரிப்பு அடங்கியதும் உன் முகம் வேறாகிவிட்டது. “எங்கம்மா போறப்போ இவளை எங்கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு. நீ வேதம், நாங்க சைவம். ஒங்கப்பா என்ன சொல்லுவாரு, எங்க சனம் என்ன சொல்லும்னு நான் யோசிக்கணும். கீழ எறங்குற வரைக்கும் இதப் பத்தி எங்கிட்டப் பேசாத” என்றாய்.

மேட்டுப் புல்வெளிக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். காமாட்சி பருப்பும் சீனியும் அரிசியும் கலந்ததை அப்படியே பானையில் போட்டு, “இன்னைக்கும் பொங்கல்தான்” என்றாள். அதைவிட ருசியான பொங்கலை நான் சாப்பிட்டதில்லை. பெண்கள் கட்டில்களில் படுத்தார்கள், நாம் தரையில். ஏழு வருஷக் கனவாயிற்றே என்று உன்னைப் பார்த்தேன். படுத்த மறு நிமிஷம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். விடியலில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. சரசு வெறுங்காலோடு அதன்மேல் நடந்து, கரகரவென்ற சத்தத்தைக் கேட்டு, திரும்பவும் நடந்தாள். கூரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று நீ எல்லாரிடமும் இரண்டு தடவை சொன்னாய்.

இறங்கும்போது நீ ஒரு புது ஏற்பாடு செய்தாய். காமாட்சியை ஜீப்பில் ஏற்றினாய். “நீங்க ரெண்டு பேரும் பின்னால நடந்து வாங்க. நான் நிறுத்துற எடத்துலயெல்லாம் சக்கரத்துக்குக் கட்டை போடணும்.” என் கையில் ஒரு கட்டை, அவள் கையில் ஒரு கட்டை. இரண்டு மைல் நடந்தோம். முதல் அரை மைல் நீ எப்போது நிறுத்துவாய் என்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தோம். பிறகு அவள்தான், நேரே பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“வேதத்துக்கு மாறச் சொல்லுவீங்களா, கிளாக்கர் அய்யா?”

“மாட்டேன்.”

“வேலைக்குப் போகாதன்னு சொல்லுவீங்களா?”

“மாட்டேன்.”

“சமைக்கப் பழகுவீங்களா?”

இதற்குத்தான் நான் கொஞ்சம் தயங்கினேன். பழகுவேன் என்றேன். அவள் கட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, “அப்ப சரி” என்றாள்.

பட்டிப்பொல ஸ்டேஷன் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி இறங்கினாய். அப்போதுதான் உறைத்தது: அந்த இரண்டு மைலில் நீ ஓர் இடத்தில்கூட நிறுத்தவேயில்லை. அடியில் குனிந்து உன் கம்பிக்கட்டைத் தட்டிப் பார்த்தாய். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய்.

“என்ன சொன்னா?”

“சரின்னுட்டா.”

“அவளுக்குச் சரின்னா எனக்கும் சரி. ஊரை நான் பாத்துக்கிறேன். இத்தன வருஷமா ஒன்ன மச்சான் மச்சான்னு வாய்க்குத்தான் கூப்புட்டேன்.”

சொன்னபடி ஊரைப் பார்த்துக்கொண்டாய். பதிவாளர் முன்னால் கையெழுத்து, தோட்டத்துக் கோயிலில் ஒரு பூசை. என் அப்பா மட்டும் வரவில்லை. ஹட்டன் கடைத்தெருவில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டு, எனக்கு மகன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குப்பியோடு அவர் கடைக்குப் போனாய். மெஷின் சத்தம் சரியில்லை என்று சொல்லி, பிரித்துத் துடைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினாய். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மாதமும் போனாய். அதற்கடுத்த மாதமும். நாலாவது தடவை அவரே கேட்டாராம்: “அந்தப் புள்ள நல்லா இருக்கா?” மறு வாரம் சரசுவுக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அளவு மட்டும் சரியில்லை. அவள் அதைத்தான் தேய்ந்துபோகும்வரை போட்டாள்.

சக்கர பங்களாவை, புதுத் துரைக்குக் கொடுத்த வாக்குப்படி உடைத்தாய். உடைத்தாய் என்று சொல்வதுகூடத் தப்பு, பங்கிட்டாய். கட்டில் இரண்டும் பிள்ளை மடுவத்துக்கு. ஜன்னல்கள் புகை மண்டிய லயத்து வீடுகளுக்கு. சக்கரமும் அச்சும் தண்ணீர் இழுக்கும் வண்டிக்கு. உனக்கென்று ஓர் ஆணியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மெஷின் வேலை எதுவும் வரவில்லை. இன்றும் எந்த ஸ்பானர் எதற்கென்று தெரியாது. ஆனால் வழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும் வழியில், மேட்டில் ஒரு வேன் நின்றிருந்தது. கூரையில் கூடாரமும் சட்டிபானையும் கட்டியிருந்தார்கள். அடியில் ஒருவர் படுத்திருக்க, அவர் மனைவி குழந்தையோடு ரோட்டோரத்தில் நின்றாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கேட்ட சாமானை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பாதி தப்பான சாமான். ஒரு மணி நேரத்தில் வேன் கிளம்பியது.

கை துடைத்துக்கொண்டே அவர் கேட்டார். “அய்யா மெக்கானிக்குங்களா?”

“இல்லங்க, நான் கிளாக்கர். எங்க சொந்தத்துல ஒரு பிட்டர் இருக்காரு.”

இருந்தாரு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். வேன் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அது தோன்றியது. முன்பே தோன்றியிருந்தாலும் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டேன்.