ஹாலில் நின்ற பிரிட்ஜ்

அக்கா,

இன்று காலை சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் தகரம் ஒழுகி என் வேட்டியில் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. மற்றவர்களுக்கு அந்த வாடையில் விளக்கு ஞாபகம் வரும், அடுப்பு ஞாபகம் வரும். எனக்கு ஒரு வெள்ளைப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது. அதன் பக்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீங்கள்.

நீங்கள் இருந்த காலத்தில் உங்கள் பேச்சுக்கு அந்த வீட்டில் யாரும் பதில் சொன்னதில்லை. இப்போது நான் எழுதுவதற்கும் பதில் வரப்போவதில்லை. குடும்ப வழக்கத்தை மீறாமல் எழுதுகிறேன்.

அத்தான் மாத்தளைக்குக் கீழே அந்த ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். சுதந்திரம் வந்து பல வருஷம் கழித்து, இனி இந்த நாட்டில் தனக்கு மரியாதை இல்லை என்று ஒருவழியாகக் கண்டுகொண்ட வெள்ளைக்காரத் துரை, கப்பலேறுமுன் சாமான்களை விற்றார். மற்றவர்கள் கதிரையும் அல்மாரியும் வாங்கினார்கள். அத்தான் பிரிட்ஜை வாங்கினார். கிளாக்கர் வீட்டுக்குக் கரண்ட் கிடையாது. இது மண்ணெண்ணெயில் ஓடுவது. அடியில் எண்ணெய்த் தாங்கி, ஒரு திரி, சின்ன நீலச் சுடர். மேலே ஐஸ். முதல் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்.

"கீழ அடுப்பு, மேல ஐஸு. ஒங்க அத்தான் மாதிரியேதான் தம்பி. எங்க சுடும் எங்க குளிரும்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

அத்தான் பக்கத்தில்தான் நின்றார். சிரித்ததாக ஞாபகம் இல்லை.

அப்போது அது சமையல் நடக்கும் குசினியின் மூலையில் நின்றது. ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. பால் சட்டிக்குப் பின்னால் உங்கள் இன்சுலின் புட்டிகள் இருக்கும். சீனி வருத்தம் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லி, ஊசி போடவும் பழக்கி அனுப்பியிருந்தார்கள். குளிரில் வைக்காவிட்டால் மருந்து கெட்டுவிடும், கெட்டது பார்வைக்குத் தெரியாது என்று அங்கே ஒரு நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னாராம். உண்மையில் அந்தப் பெட்டிக்கு ஒரு வேலை இருந்தது என்றால் அது அந்தப் புட்டிகளைக் காப்பதுதான். மற்றபடி அதில் குளிர்ந்தது தண்ணீரும் அத்தானுடைய பெருமையும்.

மகளுக்குக் கண்டியிலிருந்து வரன் வந்தது. அத்தான் இரண்டு முடிவுகள் எடுத்தார். ஒன்று, பெண்ணின் தாய்க்குச் சீனி வருத்தம் என்பது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும், பிள்ளைகளுக்கும் வரும் என்று பேசுவார்கள். மற்றது, பிரிட்ஜ் அவர்கள் கண்ணில் பட வேண்டும். ஆகவே உங்கள் வியாதி உள்ளே போனது, பிரிட்ஜ் ஹாலுக்கு வந்தது. சாமி படங்களுக்குக் கீழே, வாசலில் கால் வைத்ததும் தெரிகிற இடத்தில் நிறுத்தி, மேலே பின்னல் விரிப்பும் பிளாஸ்டிக் பூச்சாடியும் வைத்தார்கள்.

மறுநாள் அது குளிர்வதை நிறுத்திவிட்டது.

துரை பங்களாவில் அந்தப் பெட்டி பின்கட்டில் சமையல்காரனின் பொறுப்பில் இருந்தது. அத்தான் பார்த்ததெல்லாம் துரையின் கிளாசில் விழுந்த ஐஸை மட்டும்தான். அதனால் பழுது பார்ப்பதை ஒரு வழக்கு விசாரணை போல நடத்தினார். முதல் குற்றவாளி எண்ணெய். அதைத் துணியில் வடிகட்டினார்கள். அடுத்தது திரி. புதுத் திரி வாங்கி, கத்தரித்து, சுடர் நீலமாக எரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். நீலமாகத்தான் எரிந்தது. பின்னால் இருக்கும் புகைக்குழாயில் கம்பி விட்டுக் கரியைத் தட்டினார்கள். கதவு ரப்பரைத் துடைத்தார்கள். எல்லாம் சுத்தம், எதுவும் குளிரவில்லை. கண்ணூறுதான் என்று யாரோ சொல்ல, கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. துரை ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பிரிட்ஜின் மேல் கண் வைக்க இங்கே ஆள் இருந்தது பெருமைதான்.

மாத்தளையிலிருந்து மெசின் பழுது பார்க்கும் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். தையல் மெசினிலிருந்து படக் கொட்டகை மெசின் வரை கை வைக்காத சாமான் இல்லை என்று பெயர் வாங்கியவர். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "கேஸ் கிஹில்லா" என்றார் சிங்களத்தில். கேஸ் போய்விட்டதாம். கொழும்புக்கு அனுப்ப வேண்டுமாம். அத்தானுக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. கொழும்புக்குப் போக வேண்டிய வியாதி கௌரவமான வியாதி.

நான் அடுத்த தடவை வந்தபோது நீங்கள் என்னைக் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துப் போனீர்கள். பூச்சாடியையும் விரிப்பையும் எடுத்துவிட்டு, பெட்டியின் தலையில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினீர்கள். தண்ணீர் எல்லாம் வாசல் பக்கம் போய்ச் சேர்ந்தது. மறுபக்கம் தட்டு காய்ந்து கிடந்தது.

"தண்ணிக்குத் தெரியுது. ஒங்க அத்தானுக்குத் தெரியல."

தோட்டத்து வீடு கட்டியவர்கள் ஹால் தரையை வாசல் பார்த்துச் சரித்திருந்தார்கள், கழுவி ஊற்றினால் தண்ணீர் தானாக ஓடட்டும் என்று. குசினி மூலை மட்டமாக இருந்தது. அந்த மாதிரிப் பெட்டியில் மோட்டார் கிடையாது. குழாய்க்குள் இருக்கும் மருந்துத் தண்ணீர் சூட்டில் ஏறி, தானாக வழிந்து இறங்க வேண்டும். பெட்டி சாய்ந்தால் அது ஓரிடத்தில் தேங்கிவிடும். இதெல்லாம் நான் பிறகு கேட்டு அறிந்தது. நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அங்கே ஓடியது, இங்கே ஓடவில்லை, அங்கேயும் இங்கேயும் என்ன வித்தியாசம் என்று மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

அத்தானிடம் சொன்னோம். திருப்பி குசினியில் வைக்கலாம், இல்லாவிட்டால் முன் கால்களுக்கு அடியில் பலகைத் துண்டாவது வைக்கலாம் என்றோம். துரை வீட்டுச் சாமானுக்குச் சாயாக்கடை பெஞ்சு மாதிரி முட்டுக் கொடுக்கிறதா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அவருக்கு அதைவிட நல்ல யோசனை இருந்தது. தோட்டத்து லொறியில் மாத்தளையிலிருந்து ஐஸ் கட்டி வந்தது, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி. அதைக் கழுவி பிரிட்ஜுக்குள் அடுக்கினார்கள். கீழே சுடர் அணையாமல் எரிந்தது. ஐஸை வாங்கி வைப்பதற்காக மண்ணெண்ணெய் எரித்த வீடு இந்த ஜில்லாவில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் புட்டிகளை அன்று சேலைகளுக்கு நடுவே அல்மாரியில் ஒளித்து வைத்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வரிசையாகப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். "என்னா குளிர்!" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். அத்தான் தலையைக் குனிந்து அடக்கம் காட்டினார். பிறகு லட்டுத் தட்டு வந்தது. மாப்பிள்ளையின் தாயார் ஒன்றை எடுத்து உங்கள் வாயருகே கொண்டுவந்தார்.

"நீங்க திங்காம நான் திங்க மாட்டேங்க, சம்பந்தி."

மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் சாப்பிட்டீர்கள். பிறகு நீங்கள் ஒன்றை எடுத்து அவருக்கு ஊட்டினீர்கள். அவர் ஒரு கணம் தயங்கியதை நான் பார்த்தேன். வெட்கம் என்று நினைத்தேன்.

சம்பந்தம் கூடியது. ஆனால் ஞாயிறு போன பிறகும் பெட்டி நகரவில்லை. கல்யாணம் வரை அவர்கள் அடிக்கடி வருவார்கள் அல்லவா? வரும்போதெல்லாம் லொறியில் ஐஸ் வந்தது. வராத நாட்களில் அது கீழே நெருப்பு எரியும் ஒரு மூடிய அலமாரி. அதற்குள் உங்கள் மருந்து இருந்தது. மண்பானையை ஈரமணலில் புதைத்து அதற்குள் வைத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் கேட்டீர்கள். பிரிட்ஜ் இருக்கிற வீட்டில் பானையில் மருந்தா என்று அத்தான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றைக்கு நீங்கள் என்னிடம் சொன்னதை மறக்கவில்லை.

"இந்த வீட்டுல ஒழுங்கா வேல செய்யிறது எல்லாம் குசினியிலதான் தம்பி. ஹாலுக்கு வந்தா நின்னுரும்."

நீங்கள் ஊசியை ஒரு நாளும் தவறவிடவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு செத்த மருந்தைக் குத்திக்கொண்டிருந்தீர்கள். தாகம் வந்தது, உடம்பு வற்றியது, காலில் ஒரு செருப்புக்கடி ஆறாமல் புண்ணானது. மாத்தளை ஆஸ்பத்திரியில் டொக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள்? நீங்கள் வாயைத் திறந்தீர்கள். அத்தான் முந்திக்கொண்டார்.

"நம்ம வீட்டுல பிரிட்ஜ் இருக்குங்க, டொக்டர்."

டொக்டருக்குத் திருப்தி. மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார். நீங்கள் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டீர்கள்.

கல்யாணத்தன்று காலில் புண்ணுக்குப் போட்ட கட்டைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றீர்கள். பெண்ணை அனுப்பிவிட்டுப் படுத்தவர்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

உங்களைக் கிடத்த ஹாலில் இடம் வேண்டியிருந்தது. கட்டில் போட, விளக்கு வைக்க, ஆட்கள் உட்கார. அத்தான் முதல் தடவையாக மறுபேச்சுப் பேசவில்லை. நாலு பேர் பிரிட்ஜைத் தூக்கிக் குசினி மூலையில் பழைய இடத்தில் வைத்தார்கள். குசினி வாசலில் அதைத் திருப்பும்போது ஒருவரின் கை வழுக்கி, பெட்டி தலைகீழாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. அப்படி ஒரு தடவை புரட்டி மட்டமாக வைப்பதுதான் அந்தப் பெட்டிக்குச் சரியான வைத்தியம் என்று பிற்காலத்தில் ஒருவர் எனக்கு விளக்கினார். யாரோ பழக்கதோஷத்தில் சுடரையும் ஏற்றியிருக்கிறார்கள்.

உங்களை எடுத்துப் போய்த் திரும்பிய மறுநாள், சம்பந்தியம்மா குசினிப் பக்கம் வந்தார். சடங்கு முடியும் வரை மகனோடும் மருமகளோடும் தங்குவதாக இருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து கைக்குட்டையில் சுற்றிய சின்னப் புட்டி ஒன்றை எடுத்தார். அந்தப் புட்டியை எனக்குத் தெரியும். அதே லேபல். தனக்கும் பல வருஷமாகச் சீனி வருத்தம் இருக்கிறதாம். மகனுக்குப் பெண் கிடைக்காது என்று வெளியே சொல்லவில்லையாம். இனி மறைத்து என்ன என்றார்.

"இத இதுக்குள்ள வச்சிக்கலாங்களா? நல்லா குளிருதா?"

கதவைத் திறந்து கையை உள்ளே விட்டேன். மேல் தட்டில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"நல்லா குளிருதுங்க" என்றேன்.

அவர் பால் சட்டிக்குப் பின்னால் புட்டியை வைத்தார். இன்றைக்கும் நல்ல சுகமாக இருக்கிறார், பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அக்கா, அந்தப் பெட்டி ஹாலுக்கு வந்த நாளிலிருந்து அதைப் பற்றி அந்த வீட்டில் வெளியாட்களிடம் சொன்ன முதல் உண்மை நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அதை நீங்கள் கேட்கவில்லை. உங்களுடைய அதே மருந்தைக் கையில் வைத்திருந்த வேறொருவர்தான் கேட்டார். இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருக்கிறேன்.