காகித பில்லும் என் தம்பியும்

லாரல் ரன்
பிப்ரவரி 10

அன்புள்ள தம்பி டென்வர்,

தலைநகரில் குளிருக்கு ஒழுங்காகத் தொப்பி போடுகிறாயா? நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை.

மின்கம்பெனிக்காரர்கள் இனி பில்லைக் கணினியில்தான் அனுப்புவார்களாம். விண்வெளி அலைகளைக் கேட்கும் தொலைநோக்கிக்காரர்கள், குறுக்கீடு வரும் என்று வைஃபையே கூடாது என்கிற இந்தப் பள்ளத்தாக்கில் நான் எதில் பார்ப்பேன்? காகிதமா கணினியா என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டமன்றத்தில் நீ கொண்டுவரும் சட்டத்தைத்தான் ஊரே நம்பியிருக்கிறது. தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த ஊர் விருந்தில் அதற்கு ஆதரவாக எல்லாரிடமும் கையெழுத்து வாங்கித் தந்தவள் நான். மறக்காதே.

அன்புடன் அக்கா அர்லீன்

---

தலைநகர்
மார்ச் 14

அன்புள்ள அக்கா,

சட்டம் நிறைவேறிவிட்டது! கடைசி நேரத்தில் ஒரே ஒரு திருத்தம். காகித பில் வேண்டுபவர்கள் கம்பெனியின் இணையதளத்தில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் எதுவும் நடந்திருக்காது. சின்ன விஷயம்தானே? ஏப்ரலில் நம் ஊர்க் காட்டுப்பூண்டு விருந்துக்கு வருகிறேன்.

உன் டென்வர்

---

லாரல் ரன்
ஆகஸ்ட் 2

டென்வர்,

காட்டுப்பூண்டு விருந்துக்கு நீ வரவில்லை. பில்லும் வரவில்லை. பணம் கட்டவில்லை என்று போன வாரம் கம்பத்தில் ஏறி மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். உறைபெட்டியில் இருந்த மான்கறி அத்தனையும் நாறிப்போனது. போன நவம்பரில் நீயும் நானும் சேர்ந்து வேட்டையாடி வெட்டி வைத்தது. குழி தோண்டிப் புதைத்தேன்.

தபாலாபீசிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண், "காகிதம் வேணும்னா வெப்சைட்ல கேளுங்கம்மா"ன்னு பாட்டுப் பாடினாள். "அடியே, வெப்சைட் இருந்தா காகிதம் எதுக்குடி?"ன்னு கத்திவிட்டேன். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு ரோஸ்கோ கைதட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டிலும் இருட்டுதான்.

இதையா சின்ன விஷயம் என்று எழுதினாய்?

அர்லீன்

---

தலைநகர்
ஆகஸ்ட் 9

அக்கா,

பதறிப்போனேன். கம்பெனி மேலாளரிடம் பேசிவிட்டேன். உனக்கு மட்டும் இனி மாதாமாதம் காகிதத்திலேயே வரும். இணைப்பும் நாளையே கிடைக்கும். வெளியே சொல்லிக்கொண்டிருக்காதே. திருத்தத்தை எதிர்த்திருந்தால் நம் ஊர்ச் சாலைக்கான நிதியை நிறுத்தியிருப்பார்கள். என் நிலைமையையும் கொஞ்சம் புரிந்துகொள்.

டென்வர்

---

லாரல் ரன்
ஜனவரி 20

அன்புள்ள தம்பி,

இத்தனை மாதம் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை.

நீ சொன்னபடியே எனக்குக் காகித பில் வந்தது. ரோஸ்கோவுக்கு வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. "எனக்கு மட்டும் வேண்டாம்" என்று எழுதி அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். பணமும் கட்டவில்லை, மறுபடி துண்டித்துவிட்டார்கள்; இப்போது மண்ணெண்ணெய் விளக்கில்தான் எழுதுகிறேன்.

நேற்று மாவட்ட அலுவலகத்துக்குப் போய், மே மாதத் தேர்தலில் உன் இடத்துக்குப் போட்டியிட என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏங்க, நீங்க டென்வரோட அக்காதானே?" என்று கேட்டாள். "ஆமாம்மா. வளத்ததே நான்தான். அந்த வயித்தெரிச்சல்லதான் வந்திருக்கேன்" என்றேன்.

அடுத்தவர் சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. பீன்ஸும் சோள ரொட்டியும் செய்துவைக்கிறேன். சாப்பிட வா, ஓட்டுக் கேட்டு வராதே.

உன் அக்கா
அர்லீன்