பிரித்தெடுத்த கடைசி அத்தியாயம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். அறுபது வயதில் மலையடிவாரத்து விடுதியில் மழை விடட்டும் என்று காத்திருக்கிறவனை நலமா என்று என்ன கேட்பது? இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு முட்டிவலி கூடியிருக்கிறது. தையல் மிஷின் மிதிக்கிற காலை மாற்றிக்கொண்டேன். உன் வீட்டைப் போய்ப் பார்த்தேன். மாடிக் குழாய் ஒழுகுகிறது. உன் மகளிடம் சொன்னேன். அப்பா வந்து பார்த்துக்கொள்வார் என்றாள். நீ வருவாய் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்.

பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய புத்தகத்தைப் புகழ்ந்து போன மாதம் எழுதியிருந்தாய். அக்காவுக்குக் கடைசியில் என் மனசு புரிந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதை உன் மகள் பார்க்கிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறாள். எதிர்வீட்டு நர்ஸ், மலையேறப் பழகும் தன் மருமகனுக்கு என்ன புத்தகம் பரிசாகக் கொடுக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டாள். பாபினில் நூல் சுற்றுகிற சாக்கில் தலை நிமிராமல் இருந்தேன்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். புத்தகக் கடைக்குப் போய், மலைக்குப் போகிறவனை வீட்டில் உட்கார வைக்கிற புத்தகம் வேண்டும் என்றுதான் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "அம்மா, இந்த அலமாரில இருக்கிறதெல்லாம் வீட்ல இருக்கிறவனைக் கெளப்பிவிடுற புக்கு. நீங்க கேக்குறத இன்னும் யாரும் எழுதல" என்றார். நானும் விடவில்லை. ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். துணி சுற்றி வந்த செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் பழகினவள் நான். வேகமாகப் படிக்க வராது. கடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்தேன். எல்லாப் புத்தகத்திலும் விழுகிறார்கள், விரலை இழக்கிறார்கள், தேறியதும் திரும்பவும் போகிறார்கள். என்ன ஜென்மங்களோ.

கடைசியில் அந்தத் தனி ஆள் கதையை எடுத்தேன். மற்றவர்கள் எழுமுன் கிளம்பிப் போய், பள்ளத்தில் விழுந்து கால் முறிந்து கிடக்கிறானே, அதுவரை எனக்குத் திருப்தி. அதற்குப் பிறகு ஓர் அத்தியாயம் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, தையலைப் பிரித்து, அதை மட்டும் உருவிவிட்டு, மீதியைப் பழைய துளையிலேயே தைத்து, அட்டையை ஒட்டி உனக்கு அனுப்பினேன். வேலையில் குறை சொல்ல முடியாது. உனக்கே தெரியவில்லை.

பயந்து திரும்பி வருவாய் என்று பார்த்தேன். நீயோ, முடிவைச் சொல்லாமல் விட்டவன்தான் எழுத்தாளன் என்கிறாய். அவன் பிழைத்தானா இல்லையா என்று விடுதியில் இருக்கிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டு வேளையில் சண்டை போடுகிறீர்களாம். அதோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் நேற்று வந்த கடிதத்தில், மழை விட்டதும் நீயும் அவனைப் போலவே யாரிடமும் வழி சொல்லாமல் தனியாக ஏறப்போவதாக எழுதியிருக்கிறாய். சொல்லிக்கொண்டு போனால் அது என்ன நடை என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் மிஷினை நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி, அவன் சொல்லிவிட்டுத்தான் போனான். முதல் நாளே விடுதிச் சமையல்காரரிடம் போகிற வழியைக் கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டியிருக்கிறான். ஆள் திரும்பாததைப் பார்த்து அந்தச் சமையல்காரர்தான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தூக்கி வந்தார். எல்லாம் நான் உருவிய தாள்களில் இருக்கிறது. கால் கூடியதும் மறுபடி ஏறினான் என்று முடித்திருந்தார்கள். அது பொறுக்காமல்தான் பிரித்தேன். உன்னைக் காப்பாற்ற நினைத்து, காப்பாற்றுகிற பக்கத்தையே எடுத்து மிஷின் இழுப்பறையில் போட்டு வைத்திருந்திருக்கிறேன். உன் மகள் இங்கே வந்து, "அத்தை மாதிரி யாரு இப்படிப் பாத்துப் பாத்துக் கொடுப்பா" என்று சொல்லும்போது அந்த இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. உனக்கு எழுதவும் கூசுகிறது.

தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். போன் எடுக்காத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய், வேறு வழியில்லை. உங்கள் விடுதிக்குச் சாமான் ஏற்றிப் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் செய்தது தப்பு. அதற்காக நீ ஏறுவது சரி என்று ஆகிவிடாது. உன் மனைவி போன பிறகு அந்த வீடு உனக்குப் பெரிதாகிவிட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு மலைதான் வேண்டுமா? என் வீடு எங்கே போயிற்று? நீ கேட்க மாட்டாய். நானும் மாற மாட்டேன். ஒரே வயிற்றில் பிறந்தோமே.

என்மேல் உள்ள கோபத்தில் இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டாலும் போடு. ஆனால் கிளம்புமுன் அங்கே இருக்கிற யாரிடமாவது எந்த வழியாகப் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று சொல். எனக்கும் எழுது. அந்த மலைப் பெயரெல்லாம் என் வாயில் நுழையாது, இருந்தாலும் எழுது.

ஏறுவதற்கு என் ஆசீர்வாதம் கிடையாது. இறங்கி வருவதற்கு உண்டு.

உன் அக்கா