நான் எடுத்துக்கொடுத்த வரி

இன்று மாலை ஒத்திகை அறையில் ஒரு பெண் பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெயும் பவுடரும் வேர்வையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உன் முகத்தை நான் கடைசியாக நன்றாகப் பார்த்தது அந்த வாசனைக்குள்தான்.

நாம் படித்த கல்லூரியிலேயே நான் இப்போது வாத்தியார். நாடக மன்றமும் என் தலையில்தான். கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். மேடையில் ஏறினால் எனக்குக் கால் நடுங்குமே! அதனால்தானே நமக்குள் அப்படி ஓர் ஏற்பாடு: நான் எழுதுவேன், நீ நடிப்பாய், நீ மறந்தால் பக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்று நான் அடி எடுத்துக்கொடுப்பேன். "நீ நிக்கிறன்ற தைரியத்துலதான்டி ஏறுறேன்" என்பாய்.

மூன்றாம் வருடம், மலைக் கிராமங்களில் மருத்துவ முகாம் நடத்த நிதி திரட்டுவதற்கு ஒரு நாடகம் வேண்டும் என்றார்கள். நான் ஆலங்காயத்து மளிகைக் கடைக்காரர் மகள். மலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சாமை மூட்டை ஜீப்பில் இறங்கி வரும், அவ்வளவுதான். ஆனால் மலைமேல் நெல்லிவாசல்நாட்டுக்காரி நீ, விடுதியின் துவைக்கிற கல்லருகே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாய்.

உன் தங்கைக்குக் காய்ச்சல் முற்றி, கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி உன் அப்பாவும் மாமாவும் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். அம்மா பக்கத்தில். உனக்குப் பத்து வயது. தங்கை தூங்கிவிடாமல் பேசிக்கொண்டே வா என்று உன்னிடம் சொல்லியிருந்தார்கள். நீயும் வாய் ஓயாமல் பேசினாய். பாதி வழியில் ஒரு களாச்செடி, நிறையப் பழம். நான்கு பறித்து வாயில் போட்டுக்கொண்டு ஓடிவந்தபோது தூளியைப் புளியமரத்தடியில் இறக்கி வைத்திருந்தார்கள். நீ பேச்சை நிறுத்தியதால்தான் அவள் போய்விட்டாள் என்று அத்தனை வருடமாக யாரிடமும் நீ சொன்னதில்லை, பெற்றவளிடம்கூட. என்னிடம் சொன்னாய்.

நான் அதை நாடகமாக எழுதினேன். உன்னைக் கேட்காமல் எழுதினேன்.

படித்துவிட்டு நீ கடைசிப் பக்கத்தை மறுபடியும் புரட்டிப் பார்த்தாய். பிறகு, "எங்கம்மா வராது இல்ல?" என்று மட்டும் கேட்டாய். வராது என்றேன். நாலு பேருக்கு மருந்து கிடைக்கும் என்றால் செய்கிறேன் என்று சொல்லி, வசனத்தை மனப்பாடம் பண்ண உட்கார்ந்தாய்.

நாடகத்தன்று காலையில், மலையிலிருந்து சில தாய்மார்களை ஜீப்பில் அழைத்துவந்து பொன்னாடை போர்த்தப் போவதாக முகாம் குழுவினர் சொன்னார்கள். பட்டியலில் உன் அம்மா பெயரும் இருந்தது. உன்னிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் நீ நடிக்க மாட்டாய், நாடகம் நின்றுபோகும். என் நாடகம்! பாவி, அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

கடைசிக் காட்சி வரை நீ கூட்டத்தைப் பார்க்கவில்லை. அந்த வரிக்கு வந்தபோதுதான் முன்வரிசையைப் பார்த்தாய். நின்றுவிட்டாய். எனக்குத் தெரியும், நீ மறக்கவில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. எடுத்துக்கொடுத்தேன். நீ அசையவில்லை. மறுபடியும், இன்னும் உரக்க. நீ மெல்லத் திரும்பிப் படுதாப் பக்கம் என்னைப் பார்த்தாய். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்புறம் முன்னால் திரும்பி, "நான் பேச்ச நிறுத்துனதாலதான் அவ போய்ட்டா" என்று தெளிவாகச் சொன்னாய். என்ன கைதட்டல் அன்றைக்கு!

ஒப்பனை அறைக்குள் நீ எண்ணெய் தொட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது, பொன்னாடையோடு உன் அம்மா வந்து நின்றார். நீ தலை நிமிரவில்லை. துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாய்.

என்னிடம் மட்டும் எப்போதும்போலப் பேசினாய். அதுதான் என்னைக் கொன்றது. மலையிலேயே பள்ளிக்கூட வேலைக்குப் போனாய், பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணினாய். நாளைக்கு மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று பதினைந்து வருடம் ஓட்டினேன். மஞ்சள் காமாலை உனக்கு அந்த நாளையைக் கொடுக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது உன்னை அடக்கம் பண்ணி இரண்டு நாள் ஆகியிருந்தது.

போன மாதம் பிள்ளைகள் அலமாரியிலிருந்து பழைய பிரதியைக் கண்டெடுத்தார்கள். அதில் நடித்த நீ இப்போது இல்லை என்று என்னிடம் கேட்டறிந்து, இந்த வருட முகாமுக்கு, உன் நினைவாக, அதையே போடலாமா என்று கேட்டார்கள். உன் அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். போன ஞாயிறு ஜீப் பிடித்து ஏறினேன்.

அம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமல் எழுதியதை, அவர் வருவதை உன்னிடம் மறைத்ததை, அந்த வரி என் கற்பனை இல்லை, நீயே என்னிடம் சொன்னது என்பதை. எந்த வரி என்று கேட்டார். சொன்னேன். முறம் நின்றது.

"அது நாடகத்துக்கு நீங்களா சேத்ததுன்னு இல்ல நெனச்சேன்? நெஜமாவே அவ அப்டி நெனச்சிட்டு இருந்தாளா?"

தலையாட்டினேன்.

"அந்த நாடகத்தன்னிலேருந்து எம் மூஞ்சப் பாத்தே பேச மாட்டா. நான் மேடையில வந்து நின்னது படிச்ச புள்ளக்கி வெக்கமா பூட்ச்சி போலன்னு இருந்துட்டேன்." முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சின்னவ மொத எறக்கத்துலயே பூட்டாம்மா. என் கையி அவ கால் மேலயேதான் இருந்துச்சி. சில்லுனு ஆனது எனக்குத் தெரியும். பெரியவ பயந்துருவாளேன்னு நான் வாயத் தொறக்கல. அவ பேசிக்கினே வந்தா. பேசட்டும்னு வுட்டேன்."

அப்புறம்தான் அழுதார். உன்னை அடக்கம் பண்ணிய இடத்துக்குப் போய் அந்தப் புல்லின்மேல் விழுந்து அழுதார். ஒரு தரம் வாயத் தொறந்து எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டே அழுதார். நீ கேட்டிருப்பாய். ஊர் முன்னால் உன்னைச் சொல்ல வைத்து, அந்தக் கதவைச் சாத்தியவள் நான்தான்.

அந்த நாடகம் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், போகட்டும். ஆனால் அம்மா சொன்னதை என்ன செய்வேன்? உனக்குச் சேரவேண்டியது என் கையில் வந்து மாட்டிக்கொண்டது. சாப்பிடும்போதும் அதுதான், வகுப்பில் நிற்கும்போதும் அதுதான். உனக்குக் கேட்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ களாப்பழம் பறிக்கப் போவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். நீ ஒன்றும் செய்யவில்லையடி.